பலவேசம் எடுத்துக்கொடுத்த சொல்

பலவேசம் அண்ணாச்சி முதல் அங்கத்திலேயே செத்துப்போனார் என்றும், ஆனாலும் கடைசி அங்கம் முடிந்து மங்களம் பாடுகிற வரைக்கும் எல்லோருக்கும் வசனம் எடுத்துக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார் என்றும் அளத்துக்குடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்கிறவர் முகத்தில் ஆச்சரியம் இருக்காது. அன்றைக்கு நான் படுதாவை இழுத்து மூடியதும், மேடைக்கு இடப்பக்கம் சைடு படுதாவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தவரை அவர் பெண்சாதி தங்கபுஷ்பம்தான் முதலில் தொட்டாள். தொட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர், உயிர் போய் ரொம்ப நேரமாகிவிட்டது, உடம்பு விறைத்தே போய்விட்டது என்றார்.

"அப்பம் கடேசி சீன் வரைக்கும் எனக்குச் சொன்னது யாரு?" என்று கிரீடத்தைக் கழற்றாமலே கேட்டான் இசக்கிராஜா. பஸ் ஓட்டுகிறவன். எந்த நாடகமானாலும் அவன்தான் ராஜா, எந்த நாடகமானாலும் அவனுக்கு வசனம் பாடமிருக்காது.

"அவுகதான், வேற யாரு?" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். "பாதி நாடகத்துல எந்திரிச்சுப் போற ஆளா அவுக?"

டாக்டர் எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு போனார். அவர் வெளியூர்க்காரர்.

அளத்துக்குடி உப்பு விளைகிற ஊர். தை பிறந்து பாத்தியில் இறங்குகிற சனம் ஐப்பசி மழை விழுகிற வரைக்கும் வெயிலை விட்டு ஏறாது. மழை விழுந்துவிட்டாலோ உப்பு அம்பாரங்களை ஓலை போட்டு மூடிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அப்படிச் சும்மா இருக்கிற காலத்தில் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டு சாகாமல் இருக்கத்தான் எங்கள் நாடகச் சபை உண்டானது என்பார் எஸ்தர் டீச்சர். நாடகம் எழுதுவதும் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். எந்தக் காலத்திலோ ஒரு முதலாளி போட்டுவிட்டுப் போன உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கிதான் எங்கள் கொட்டகை. அதன் சுவரெல்லாம் உப்பு ஏறி, மழைக்காலத்தில் தானாக வேர்த்து வடியும். சாய்ந்து உட்கார்ந்து நாடகம் பார்த்தவன் எழுந்து போகும்போது முதுகில் வெள்ளை ஒட்டியிருக்கும். அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது, பார்க்கிறவனுக்கு டிக்கெட்டும் கிடையாது. காலையில் உப்புச் சுமந்தவள் சாயங்காலம் மகாராணியாவாள், ரேஷன் கடையில் எடை போடுகிறவர் ஆர்மோனியம் வாசிப்பார். தையல்காரனான நான் சேலைக் கிழிசலில் ராஜாவுக்கு அங்கி தைத்துவிட்டுப் படுதாவும் இழுப்பேன். புயலடித்தால் ஊரே வந்து படுக்கிற இடமும் அதுதான், ஓட்டுப் போடுவதும் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதும் அதே இடத்தில்தான். இரண்டு குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை இல்லையென்றால் இரண்டிலிருந்தும் ஆளுக்கொருவரைப் பிடித்து அண்ணன் தம்பி வேஷம் கொடுத்துவிடுவார் டீச்சர். ஒத்திகை முடிவதற்குள் பாதிப் பகை தேய்ந்துபோயிருக்கும்.

இந்தச் சபையில் பலவேசம் என்று பேர் வைத்துக்கொண்டு ஒரு வேஷமும் கட்டாத ஒரே மனுஷன் அவர்தான். பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் காதைச் சாய்த்துக் காற்று போகிற இடத்தைக் கண்டுபிடிக்கிற அதே ஆள், மேடையில் எவனுடைய வசனம் எந்த இடத்தில் போகப்போகிறது என்றும் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். நாடகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஆனால் அவர் எடுத்துக்கொடுப்பது ஒரே ஒரு சொல்தான். வசனத்தின் முதல் சொல். இரண்டாவது சொல்லைச் சொல்லமாட்டார். "மொதச் சொல்லு எங்கிட்டேருந்து வரும், மிச்சம் ஒங்கிட்டதான் இருக்கு" என்று ஒருதரம் இசக்கிராஜாவிடம் சொன்னார். அவர் வாழ்க்கையிலேயே பேசிய நீளமான பேச்சு அநேகமாக அதுதான்.

தங்கபுஷ்பம் அவருக்கு நேர் எதிர். உப்பளத்தில் கூடை தூக்குகிறவள், சபையின் பெரிய நடிகை, பேச ஆரம்பித்தால் எதிரே நிற்கிறவன் வாயைத் திறக்க முடியாது. ஒத்திகையில் ஒருதரம் கேட்டால் போதும், தன் வசனம் மட்டுமல்ல, ராஜா வசனம், மந்திரி வசனம், காவல்காரன் இருமுகிற இடம் எல்லாம் அவளுக்குப் பாடமாகிவிடும். கல்யாணமான புதிதில் ஒரு நாடகத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக நின்றவள் பாடையைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். கொட்டகையே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. புதுப் பெண்சாதி வசனத்தை மறந்துவிட்டாளே என்று பதறிப்போன பலவேசம் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்துவிட்டார், அதுவும் முன்வரிசைக்குக் கேட்கிற மாதிரி. நாடகம் முடிந்ததும் அவள் சபையார் அத்தனை பேருக்கும் முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"நான் மறக்கல. நிப்பாட்டுனேன். மறக்குறதுக்கும் நிப்பாட்டுறதுக்கும் வித்தியாசம் தெரியாதவுகளுக்கு அந்த முக்காலி என்னத்துக்கு? எனக்கு ஒங்க சொல்லு வேண்டாம் சாமி. மத்தவுகளுக்குக் குடுங்க."

எல்லோரும் சிரித்தோம், பலவேசமும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் தவறியதில்லை. எது நிறுத்தம், எது மறதி என்று எங்கள் மூச்சை வைத்தே தெரிந்துகொள்வார். தங்கபுஷ்பத்துக்கு மட்டும் அவர் பிறகு ஒரு சொல்லும் எடுத்துக்கொடுத்ததில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

வீட்டில் கதை வேறு மாதிரி. அங்கே அவர் முதல் சொல்லைச் சொல்வார், மிச்சத்தை அவள் முடித்துவிடுவாள். அவர் "மழை" என்பார், அவள் "வரும், கொடியில கெடக்குற துணிய எடுக்கணும், அதான?" என்பாள். அவர் "சின்னவ" என்பார், அவள் "மகளுக்கு போன் போட்டாச்சு, நல்லா இருக்காளாம்" என்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அவர் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டுவார், அவள் வாசல்வரை வந்து "போயிட்டு வாங்க" என்பாள். எத்தனை கோபத்தில் இருந்தாலும் அதை அவள் விட்டதில்லை. வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து "போங்க" என்று மட்டும் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அப்படிச் சொன்னால் திரும்பி வரவேண்டாம் என்றாகிவிடும்.

அவர் செத்துப்போன நாடகத்தன்று மத்தியானம் மீன்குழம்பு. சோற்றைப் பிசைந்த கையை நிறுத்திவிட்டு, இடக்கையால் நெஞ்சை ஒருதரம் தடவிக்கொண்டு, பலவேசம் "இனி..." என்றார்.

"இனி என்ன? இனி சட்டியில மீனு இல்ல, ரசந்தான் இருக்கு" என்றாள் தங்கபுஷ்பம்.

அவர் சிரித்தார். ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கிட்டங்கிக்குக் கிளம்பினார். அவளும் வாசலில் நின்று வழக்கம்போலத்தான் அனுப்பிவைத்தாள். அவர் நெஞ்சைத் தடவியதை, முள் குத்தியிருக்கும் என்று நினைத்தாளாம்.

செத்தவரைத் தூக்கிப் போட்டபிறகு இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. "இனி" என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதே அவள் நினைப்பாக இருந்தது. இனி கடையைப் பூட்டிவிடலாம் என்றா, இனி மகளோடு போய் இருக்கலாம் என்றா, இனி குழம்பில் புளியைக் குறை என்றா? ஒரு மனுஷன் கடைசியாகச் சொல்ல வந்ததை ரசத்தை ஊற்றி அணைத்துவிட்டோமே என்று அவளுக்கு ஆறவில்லை. நிஜமாகவே ஆறவில்லை, உடம்பு இளைத்துக் கூடை தூக்க முடியாமல் ஆனாள்.

துக்கம் விசாரிக்கப் போன இசக்கிராஜா அவளுக்கு எதிரே உட்கார்ந்து என்ன சொல்வதென்று தெரியாமல் முழித்தான். மேடையில் எத்தனையோ பேருக்காக அழுதவன்தான், ஆனால் இங்கே வாய் வரவில்லை. திடீரென்று அவன் தலை இடப்பக்கம் சாய்ந்தது. மேடையில் அவன் சாய்க்கிற அதே சாய்ப்பு.

"பசிக்குதா மைனி?" என்றான். "ஏதாச்சும் சாப்பிட்டியளா? எங்க வீட்டுல கஞ்சி வச்சிருக்கா, கொண்டாரச் சொல்லட்டா?"

தங்கபுஷ்பம் அவனையே பார்த்தாள். "யாருய்யா ஒனக்கு எடுத்துக் குடுத்தது?"

இசக்கிராஜா தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணாச்சிதான். 'பசி'ன்னாவ. அவ்வளவுதான் சொன்னாவ."

அன்றிலிருந்து ஊருக்கே கேட்க ஆரம்பித்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்ட மாப்பிள்ளைக்குக் கேட்டது. கோர்ட்டுக் கூண்டில் தட்டுத்தடுமாறிய சாட்சிக்கும், சர்ச்சில் மன்றாட்டுச் சொல்லும்போது நடுவில் விட்டுவிட்ட உபதேசியாருக்கும், கோயில் கொடையில் சாமியை அழைக்கிற வரத்துப் பாடிக்கொண்டே அடி தவறிய வில்லுக்காரருக்கும் கேட்டது. எந்தச் சாமி என்று பலவேசம் வித்தியாசம் பார்க்கிற ஆள் இல்லை. பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கும் கேட்டது, ஆனால் படித்துவிட்டு மறந்த பிள்ளைக்குத்தான். பஞ்சாயத்துத் தலைவர் சுதந்திர தினத்தன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு தலையை இடப்பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தும் ஒரு சொல்லும் வரவில்லை. உள்ளே எதுவும் இல்லாதவனுக்கு எதை எடுத்துக்கொடுப்பது என்று ஊர் சிரித்தது. கெட்டவார்த்தை வருவதில்லை. குழாயடிச் சண்டையில் வாயடைத்துப்போன பொம்பளைகள் எவ்வளவு தலை சாய்த்தாலும் அந்தப் பக்கமிருந்து சத்தமே இருக்காது.

எல்லாரையும்விட மாசானத்துக்குத்தான் அது பெரிய உபகாரம். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து அதட்டிய அதட்டலில் பாத்தியே உறையும் என்பார்கள். அவருக்கு இப்போது எல்லாம் மறந்துவிட்டது, சோறு போடுகிற மகள் யார் என்பது உட்பட. சாயங்காலம் அவள் வேலைவிட்டு வந்து எதிரே நிற்பாள். அவர் தலையை இடப்பக்கம் சாய்ப்பார். "பேச்சி!" என்பார். ஒவ்வொரு நாளும் அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு "ஆமாப்பா" என்பாள்.

இப்படி ஊர் முழுக்க அதைப் பழகிக்கொண்டது. வெளியூர்ப் பஸ்ஸில் ஏறினால் எங்களைத் தலைச் சாய்ப்பை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார்கள். வசனம் எடுத்துக்கொடுக்கப் புது ஆள் வேண்டுமா என்று சபையில் பேச்சு வந்தபோது இருக்கிறவரே நன்றாகப் பார்க்கிறாரே என்று தீர்மானமாகி, முக்காலியை அதே இடத்தில் போட்டு, ஒத்திகைக்கு வருகிற டீயில் ஒரு கிளாஸை அதன்மேல் வைக்க ஆரம்பித்தோம். ஆனால் நாங்கள் மனுஷர்கள்தானே, கிடைக்கிறதை அளவாக வைத்துக்கொள்ளத் தெரியாது. மறந்தால் அவர் சொல்வார் என்று ஆனபிறகு எதையும் நினைவில் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டோம். கடைக்கு என்ன வாங்க வந்தோம், கதவைப் பூட்டினோமா, பக்கத்து வீட்டுக்காரனோடு எதற்காகப் பேசுவதில்லை என்பதற்கெல்லாம் தலையைச் சாய்த்தோம்.

தங்கபுஷ்பத்துக்கு மட்டும் கேட்கவில்லை.

அவளுக்கு எதுவும் மறப்பதில்லை, அதுதான் சங்கடம். ரேஷன் கடையில் வேண்டுமென்றே திக்கிப் பார்த்தாள். பேரன் பேரைச் சொல்லத் தெரியாதவள் மாதிரி மகளிடம் போனில் இழுத்துப் பார்த்தாள். பஜாரில் பாதி வாக்கியத்தில் நின்று கண்ணை மூடிக் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. பொய் மறதியை அவரிடம் விற்க முடியாது, அந்த வித்தியாசத்தை அவருக்கு அத்தனை பேர் முன்னால் சொல்லிக்கொடுத்ததே அவள்தானே. ஊரில் கண்டவனெல்லாம் அவள் புருஷன் குரலைக் கேட்டுக்கொண்டு திரிய, அவள் ஒவ்வொருவரையும் நிறுத்தி "என்ன சொன்னாவ? எப்பிடிச் சொன்னாவ?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வாள். அதைப் பார்க்க எங்களுக்கு வேதனையாக இருந்தது.

அப்படித்தான் ஒருநாள் இசக்கிராஜாவை பஸ் ஸ்டாண்டில் பிடித்தபோது அவன் தயங்கினான்.

"சொல்லு. என்ன?"

"ஒண்ணுமில்ல மைனி. அண்ணாச்சிக்குக் கொஞ்ச நாளா தொண்ட கட்டுன மாதிரி இருக்கு. முன்னெல்லாம் தலயச் சாச்ச ஒடனே வரும். இப்பம் மூச்சு வாங்கிட்டுத்தான் சொல்லுதாவ."

பேச்சியும் அதைத்தான் சொன்னாள். அப்பா தலையைச் சாய்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்கிறதாம், சில நாள் 'பே' மட்டும்தான் வருகிறதாம். தங்கபுஷ்பம் அன்றைக்கே பனங்கற்கண்டைப் பொடித்துச் சுடுதண்ணீரில் போட்டுக் கொண்டுவந்து முக்காலியில் வைத்தாள். தினமும் வைத்தாள். தினமும் டம்ளர் வைத்தபடியே இருக்கும், எறும்பு மட்டும் வந்து குடித்துவிட்டுப் போகும். அவள் அந்த எறும்புகளை ஒதுக்கிவிட்டு டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு போவாள்.

பிறகு எஸ்தர் டீச்சரிடம் போய் நின்றாள். நான் அங்கே பழைய நாடக அங்கிகளை அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், எனக்கு மறக்குற மாதிரி ஒரு வேஷம் எழுதுங்க. நல்லா நீளமா, தலையும் காலும் புரியாத மாதிரி."

"எதுக்கு?"

"அவுகளை ஒருதரம் கேக்கணும்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒனக்குத்தான் மறக்காதே, புஷ்பம். நான் பைபிளையே எழுதிக் குடுத்தாலும் ரெண்டு நாள்ல ஒப்பிச்சிருவே."

"மறந்துருவேன் டீச்சர். முயற்சி பண்ணுதேன்."

அவள் சொன்ன விதத்தில் நான் அளவெடுக்கிற நாடாவைக் கீழே போட்டுவிட்டேன். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தலையும் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு வெட்கப்பட்டு நிமிர்ந்துகொண்டார்.

அடுத்து வந்த மழைக்காலத்து நாடகத்துக்கு டீச்சர் 'உப்பரசி' என்று பேர் வைத்தார். நீளமான வேஷம்தான். கடல் பெருகி வந்தபோது ஊரைக் காப்பாற்றிவிட்டு ராஜா செத்துக் கிடக்கிறார், ராணி அவர் தலைமாட்டில் நிற்கிறாள், ராஜாவின் தம்பி அதற்குள் முடிசூட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். செத்த ராஜா என்பது நான் தலையணைகளை அடுக்கி வெள்ளைத் துணி போர்த்தியது. தம்பி இசக்கிராஜா. அந்த இடத்தில் ராணி சொல்ல வேண்டிய வசனம், 'இனி இந்த நாட்டுக்கு யார் நிழல்?' என்பது. டீச்சர் அதை எதுவும் அறியாமல்தான் எழுதினார், மீன்குழம்புக் கதை அப்போது யாருக்கும் தெரியாது. தங்கபுஷ்பம் வழக்கம்போல முதல் ஒத்திகையிலேயே எல்லாவற்றையும் பாடம் பண்ணிவிட்டாள். ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த வசனத்தைத் தடையில்லாமல் சொன்னாள், சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் தோற்றுப்போனவள் மாதிரி வீட்டுக்குப் போனாள்.

நாடகத்தன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கே கிட்டங்கி நிறைந்துவிட்டது. வெளியே மழை. உள்ளே சுவர் வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் பேச்சி அவள் அப்பா மாசானத்தைக் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தாள். நான் வலப்பக்கம் படுதாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கம் சைடு படுதாவின் இடைவெளியில் முக்காலியும் அதன்மேல் பனங்கற்கண்டுத் தண்ணீரும் தெரிந்தன.

தங்கபுஷ்பம் அன்றைக்கு நடித்தது போல முன்பு நடித்ததில்லை என்று இப்போதும் சொல்வார்கள். தலைமாட்டுக்கு வந்தாள், குனிந்தாள், வெள்ளைத் துணியைச் சரிசெய்தாள். அந்தத் துணியில் மடிப்புக் கலைந்து தலையணை முனை ஒன்று நெஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் துருத்திக்கொண்டிருந்தது. அதை அமுக்கிவிட அவள் கை போனது. ஒருதரம் தடவினாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு ஒருநாள் என் கடையில் வந்து உட்கார்ந்து அவள் சொன்னதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அந்த இடத்தில் அவளுக்கு அவர் கை தெரிந்ததாம், நெஞ்சைத் தடவிய கை. மீன்முள்ளில்லை, முள்ளே இல்லை என்று அப்போதுதான் விளங்கியதாம். இனி முடியலை என்றுதான் சொல்ல வந்திருப்பாரோ, அதற்குத்தான் ரசம் இருக்கிறது என்றோமோ என்று நினைத்த மாத்திரத்தில் ராணி, ராஜா, நாடு, நிழல் எல்லாம் அவளை விட்டுப் போய்விட்டனவாம். வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுக்கு ஒரு சொல்லும் ஞாபகத்தில் இல்லை.

கொட்டகை முதலில் அதை நிறுத்தம் என்றுதான் நினைத்தது. ஆகா என்று பார்த்துக்கொண்டிருந்தது. நேரம் போகப் போக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தங்கபுஷ்பம் மறந்துவிட்டாள்! அவள் கண் அங்குமிங்கும் தேடியது, பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவள் தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. அதைப் பார்த்துக் கிட்டங்கியில் இருந்த அத்தனை தலையும் இடப்பக்கம் சாய்ந்தது.

அவர் உடனே கொடுக்கவில்லை. பழைய திட்டு அவருக்கும் மறந்திருக்காது போல. இது நிறுத்தமா மறதியா என்று நிச்சயப்படுத்திக்கொள்கிறவர் மாதிரி அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்புறம் அது வந்தது. எப்போதும் மறந்தவனுக்கு மட்டும் கேட்கிற குரல் அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கரகரத்து, மூச்சு வாங்கி, படியேறி வந்த கிழவனின் குரலாக இருந்தது.

"இனி..."

அவ்வளவுதான். வசனத்தின் முதல் சொல்லும் அதுதான், அவர் செத்த அன்று மத்தியானம் சோற்றில் விட்ட சொல்லும் அதுதான். எதை எடுத்துக்கொடுத்தார் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வசனத்தைத்தான் நினைத்தோம். இதோ சொல்லிவிடுவாள், யார் நிழல் என்று கேட்டுவிடுவாள், கை தட்டலாம் என்று காத்திருந்தோம்.

தங்கபுஷ்பம் முக்காலி இருந்த பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. ஊரெல்லாம் கேட்ட குரலைத் தானும் கேட்டுவிட்ட சந்தோஷம். அது எவ்வளவு களைத்துப்போயிருக்கிறது என்று புரிந்ததும் அந்த முகம் அப்படியே உடைந்தது. ராணியின் பேச்சில்லை, மேடைத் தமிழில்லை, வாசலில் நின்று பேசுகிற அவள் குரலில்தான் சொன்னாள்.

"இனி... இனி போதும், என்ன? எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டிய. அன்னைக்கே சொல்ல வந்திய, நாந்தான் கேக்கல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நான் பாத்துக்கிடுதேன். நீங்க போங்க."

போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றாள். கூட்டத்தில் ஒரு பொம்பளை "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டது எனக்குக் கேட்டது. எதிர்ப்பக்கம் முக்காலி ஒருதரம் கிறீச்சிட்டது, உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் வருமே, அந்தச் சத்தம். அதற்குப் பிறகு மழைதான்.

அவளை அடுத்துப் பேசவேண்டியது இசக்கிராஜா. 'அண்ணியாரே' என்று ஆரம்பிக்கிற வசனம், ஊரில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். அவன் வாயைத் திறந்தான், தலையை இடப்பக்கம் சாய்த்தான். எதுவும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தான், கிரீடம் நழுவிக் காதில் தொங்கியது. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் தெரிந்த வசனத்தைக்கூடச் சொல்லிக்கொடுக்கத் தோன்றாமல் அவனைப் போலவே சாய்ந்துகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் மாசானம் தன் பக்கத்தில் இருக்கிற பெண்ணைப் பார்த்தார். அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார், தலையைச் சாய்த்தார், திறந்த வாயோடு காத்துக்கொண்டிருந்தார். பேச்சி அவர் கையைப் பிடித்தபடி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கிராஜா கடைசியில் என்னைப் பார்த்தான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றேன். இது நிறுத்தமா மறதியா, படுதாவை இழுப்பதா வேண்டாமா என்று எனக்குச் சொல்ல அந்தப் பக்கம் யாரும் இல்லை.